ஒளிந்த இடமே பொறியாகும் கதைகள்: டிக் ட்ரேசியின் துரத்தல்கள்

கேள்வி இது: "பழைய அமெரிக்க க்ரைம் காமிக்ஸ் என்றால் டிக் ட்ரேசியைத்தான் முதலில் சொல்கிறார்கள். புரட்டிப் பார்த்தேன். குற்றவாளி யார் என்பது ஆரம்பத்திலேயே தெரிந்துவிடுகிறது. அப்புறம் மாதக்கணக்கில் அவன் ஓடுகிறான், போலீஸ் துரத்துகிறது. இதில் என்ன சுவாரசியம்? வாசிப்பதென்றால் எங்கே தொடங்குவது?"

எங்கே தொடங்குவது என்பதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: 1943 டிசம்பர். ஃப்ளாட்டாப் என்ற கூலிக் கொலைகாரன் வரும் கதை. அங்கிருந்து 1945 வரை நிற்காமல் போங்கள். ஏன் என்பதுதான் நீளமான பதில்.

நம்மில் பலர் துப்பறியும் காமிக்ஸுக்குள் நுழைந்தது சிவகாசி வழியாக. முத்து காமிக்ஸில் ரிப் கிர்பியும் காரிகனும் வந்த காலம். மூக்குக்கண்ணாடி, பைப், பக்கத்தில் பணியாள் டெஸ்மாண்ட் என்று ரிப் கிர்பி ஒரு கனவான். அதன் ஓவியர் அலெக்ஸ் ரேமண்டின் கோடுகளில் வில்லன்கள்கூட அழகாகத்தான் இருப்பார்கள். அந்தக் கண்ணோடு டிக் ட்ரேசியைத் திறந்தால் ஏமாற்றம் நிச்சயம். தட்டையான படங்கள், அப்பிவைத்த கறுப்பு, எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே கழுகு மூக்கும் வெட்டிவைத்த தாடையுமாக ஒரு நாயகன். போதாக்குறைக்கு, படத்துக்குள்ளேயே அம்புக்குறி போட்டு 'இது கைக்கடிகார ரேடியோ' என்று எழுதிவைப்பார் ஓவியர். முதல் தடவை வாசித்தபோது பத்துப் பக்கத்தில் மூடி வைத்தவன்தான் நானும்.

நாம் தவறான கேள்வியோடு வாசிப்பதுதான் சிக்கல். 'யார் செய்தது?' என்று தேடிக்கொண்டே போகிறோம். டிக் ட்ரேசியை எழுதி வரைந்த செஸ்டர் கூல்டுக்கு அந்தக் கேள்வியில் அக்கறையே கிடையாது. செய்தவனின் முகம், பெயர், பழக்கம் எல்லாவற்றையும் ஆரம்பத்திலேயே கையில் கொடுத்துவிடுவார். 'இவன் இனி எங்கே போவான், யார் கதவைத் தட்டுவான்?' என்பதுதான் அவருடைய கதை.

இது வந்த காலத்தைப் பார்த்தால் காரணம் புரியும். செய்தித்தாளில் நாளுக்கு ஒரு துண்டாக வரும் படத்தொடரான டிக் ட்ரேசி தொடங்கியது 1931 அக்டோபர் 4. அதே மாதம் 17ஆம் தேதி வரி ஏய்ப்பு வழக்கில் சிகாகோவின் தாதா அல் கபோனைக் குற்றவாளி என்று தீர்மானித்தார்கள். 24ஆம் தேதி 11 ஆண்டு தண்டனை. கூல்ட் ஒக்லஹோமாவில் பிறந்து, சிகாகோவுக்குப் பிழைக்க வந்தவர். மதுவிலக்குக் காலத்தில் கபோன் ஆள் என்றால் ஊருக்கே தெரியும், ஆனால் யாரும் தொட முடியாது. குற்றவாளி யார் என்பது அந்த நகரத்தில் மர்மமே இல்லை. ஏன் பிடிபடவில்லை என்பதுதான் மர்மம். கூல்ட் பல ஆண்டுகள் தொடர் யோசனைகளை அனுப்பி அனுப்பித் திரும்பப் பெற்றவர். கடைசியில் 'மஃப்டி ட்ரேசி' என்று சொல்லும்படியான ஒரு தலைப்பில், சாதாரண உடையில் திரியும் போலீஸ்காரனின் கதையை அனுப்பினார். பத்திரிகை அதிபர் ஜோசப் பேட்டர்சன் கதையை எடுத்துக்கொண்டு பெயரை மட்டும் மாற்றினார். 'டிக்' என்பது துப்பறிவாளனுக்கான கொச்சை வழக்கு. முதல் பெரிய வில்லன் பிக் பாய், கிட்டத்தட்ட கபோனேதான். ட்ரேசி காதலி டெஸ்ஸின் வீட்டில் இருக்கும்போது கொள்ளையர் புகுந்து அவளுடைய அப்பாவைச் சுடுகிறார்கள். அதன்பிறகுதான் ட்ரேசி போலீஸில் சேர்கிறான். யார் சுட்டது என்ற புதிரிலிருந்து தொடர் பிறக்கவில்லை, விட மாட்டேன் என்ற கோபத்திலிருந்து பிறந்தது.

1934 ஜூலையில் வங்கிக் கொள்ளையன் ஜான் டில்லிஞ்சரை சிகாகோவில் ஒரு தியேட்டர் வாசலில் சுட்டார்கள். அக்டோபரில் இன்னொரு கொள்ளையன் 'ப்ரெட்டி பாய்' ஃப்ளாய்டை ஒஹாயோவில் ஒரு பண்ணைப் பக்கம் சுட்டார்கள். தேடப்படுபவன் இன்று எங்கே என்பதை மக்கள் நிஜமாகவே தினமும் பேப்பரில் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. அதே பேப்பரின் இன்னொரு பக்கத்தில் அதே விஷயத்தைக் கூல்ட் வரைந்தார்.

சரி, ஃப்ளாட்டாப்புக்கு வருவோம்.

போர்க்காலம். அமெரிக்காவில் ரேஷன், கறுப்புச் சந்தை. ட்ரேசியின் தொல்லை தாங்காத கறுப்புச் சந்தைக்காரர்கள் 5,000 டாலர் பேசி ஒருவனை இறக்குகிறார்கள். தூங்கி வழியும் கண்கள், சின்ன வாய், மேலே மேசை போலத் தட்டையான தலை. அன்றைக்கு விமானம் தாங்கிக் கப்பலுக்குச் செல்லப்பெயரே ஃப்ளாட்டாப்தான். பார்த்தவுடன் வாசகர்கள் சிரித்திருப்பார்கள். அவன் சொன்னபடி ட்ரேசியைப் பிடித்தும்விடுகிறான். ஆனால் சுடவில்லை. சரக்கு கையில் இருக்கிறது, விலையை ஏற்றலாமே என்று நினைத்து 50,000 டாலர் கேட்கிறான். அந்தப் பேராசைதான் அவனைத் தொழில்காரனிலிருந்து ஓடுகாலியாக மாற்றுகிறது. ட்ரேசி தப்புகிறான், வேட்டை திசை மாறுகிறது.

இங்கே கவனியுங்கள். அதன்பிறகு கதை யாரோடு போகிறது? ஃப்ளாட்டாப்போடு. ட்ரேசி அவ்வப்போது வந்து போகிறான், விசாரிக்கிறான், போன் பேசுகிறான். பசியும் பயமும் அறை தேடும் அலைச்சலும் ஓடுபவனுக்குத்தான். நாலு கட்டம் கொண்ட ஒரு நாள் துண்டில் மூன்று அவனுக்குப் போய்விடும். கொலைகாரன் என்று தெரிந்தும் வாசகன் அவனோடுதான் மூச்சுவாங்குகிறான்.

கூல்டின் பெரிய கண்டுபிடிப்பு அந்த முகங்கள் என்பார்கள். உண்மைதான், ஆனால் அவற்றை வெறும் கோரம் என்று மட்டும் பார்ப்பது பாதிப் பார்வை. தலை தட்டையானவன், முகம் முழுக்கச் சுருங்கியவன், நெற்றி மடிப்பு மடிப்பாய்த் தொங்குபவன், நிற்காமல் நடுங்குபவன் என்று ஒவ்வொருவரையும் ஊரில் யார் பார்த்தாலும் அடையாளம் சொல்லிவிடலாம். தப்பியோடுபவனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: கூட்டத்தில் கரைவது. அதைத்தான் கூல்ட் முதலிலேயே பிடுங்கிவிடுகிறார். தேடப்படுவோர் சுவரொட்டியைக் கழுத்தில் சுமந்துகொண்டு ஓடுவது மாதிரி. அதனால் அவனால் ஹோட்டலில் சாப்பிட முடியாது, பஸ்ஸில் ஏற முடியாது. யாராவது ஒருவர் தெரிந்தே அடைக்கலம் கொடுக்க வேண்டும். அந்த யாரோ ஒருவர் நுழைந்ததும் கதை சூடுபிடிக்கிறது.

ஃப்ளாட்டாப்புக்குக் கிடைத்தவர் விட்டமின் ஃப்ளின்ட்ஹார்ட், மார்க்கெட் போன ஒரு நாடக நடிகர். எப்போது பார்த்தாலும் மாத்திரை விழுங்கிக்கொண்டு, சாதாரணமாகத் தண்ணீர் கேட்பதைக்கூட மேடை வசனமாகச் சொல்கிறவர். அன்றைய பெரிய நடிகர் ஜான் பேரிமோரின் கேலிச்சித்திரம் அவர். நம்மூர் பாய்ஸ் கம்பெனி காலத்து ராஜபார்ட் நடிகர் ஒருவர், கொலைகாரனோடு ஒரே அறையில் மாட்டிக்கொண்டால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பயங்கரமும் நகைச்சுவையும் ஒரே கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். இந்தப் பகுதிக்காகவே இந்தக் கதையை முதலில் சொன்னேன்.

முடிவு 1944 மே மாதம். கொலம்பஸின் சாண்டா மரியா கப்பலுக்கு ஒரு மாதிரி செய்து நீரில் நிறுத்தியிருக்கிறார்கள். கூல்ட் தன் நகரத்துக்குப் பெயர் வைக்கவில்லை, ஆனால் சிகாகோவில் 1893 கண்காட்சிக்காக வந்த அப்படியொரு கப்பல் ஜாக்சன் பார்க்கில் அப்போதும் நின்றுகொண்டிருந்தது. துரத்தலில் ஃப்ளாட்டாப் தண்ணீருக்குள் இறங்கி, அந்தக் கப்பலின் அடியில் சிக்கி, மூச்சுமுட்டிச் சாகிறான். ட்ரேசியின் துப்பாக்கி அவனைக் கொல்லவில்லை. வாசகர்கள் அவனுக்காக இரங்கல் கடிதமும் மலர்களும் அனுப்பினார்கள் என்பது இந்தத் தொடரைப் பற்றி எழுதுகிற எல்லோரும் சொல்லும் செய்தி.

இந்த இடத்தில் நான் பல காலம் வாசித்த பிறகே கவனித்த ஒரு விஷயம். ஃப்ளாட்டாப்போடு நிற்கவில்லை இது. லிட்டில் ஃபேஸ் ஃபின்னி குளிர்பதனக் கிடங்கில் ஒளிகிறான், உறைந்து காதுகளை இழக்கிறான். பி.பி. ஐஸ் (Eyes) குப்பைப் படகில் பதுங்குகிறான், குப்பையோடு குப்பையாக நீரில் போகிறான். நடுங்கும் ஷேக்கி குளிர்காலத்தில் ஒரு படகுத்துறைக்கு அடியில் புகுந்துகொள்கிறான். வெளியே தண்ணீர் பனிக்கட்டியாக இறுகி வாசலை அடைத்துவிடுகிறது. நிற்காமல் நடுங்கியவன் அசையாமல் உறைந்து போகிறான். ஒவ்வொரு தடவையும் அவன் தேடிப்போன பதுங்கிடமே அவனை விழுங்குகிறது. ட்ரேசி செய்வதெல்லாம் மற்ற கதவுகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வருவதுதான். எலியைத் துரத்துகிறவன் எலியைப் பிடிக்க வேண்டியதில்லை, பொறி இருக்கும் மூலைக்கு ஓடவிட்டால் போதும். நாயகன் மரக்கட்டை மாதிரி இருக்கிறான் என்ற குறையும் இதை யோசித்த பிறகு எனக்குக் குறையாகப் படவில்லை. மூடப்படும் கதவுக்கு முகபாவம் எதற்கு?

இதில் கூல்டின் வேலைமுறைக்கும் பங்கு உண்டு. கதை எப்படி முடியும் என்று முன்கூட்டியே திட்டம் போடுவது அவர் வழக்கமில்லை. வில்லனையோ ட்ரேசியையோ வெளியே வர முடியாத இடத்தில் தள்ளிவிட்டு, அப்புறம் உட்கார்ந்து வழி யோசிப்பார். ஒரு தடவை இது அளவு மீறிப் போனது. ட்ரேசி ஒரு குழிக்குள், மேலே இறங்கிவரும் பாறை. கூல்டுக்கே வழி தெரியவில்லை. கடைசியில் ட்ரேசி தலையைத் தூக்கித் தன்னைப் படைத்தவரையே கூப்பிட்டு முறையிடுவதாகவும், ஓவியரின் கை அழிரப்பரோடு உள்ளே வந்து பாறையை அழிப்பதாகவும் வரைந்து அனுப்பிவிட்டார். பேட்டர்சன் அதை ஏற்கவில்லை, வேறு மாதிரி வரையச் சொல்லித் திருப்பிவிட்டார். அந்த மனிதர் அன்று அதை அச்சுக்கு விட்டிருந்தால் தொடரின் மேல் வாசகனுக்கு இருந்த நம்பிக்கை அன்றோடு போயிருக்கும். பத்திரிகை முதலாளியை நான் பாராட்டும் அபூர்வமான சந்தர்ப்பம் இது.

ஃப்ளாட்டாப் முடிந்த கையோடு வருகிறவன் 'ப்ரௌ'. நெற்றி முழுக்க ஆழமான வரிகள் கொண்ட எதிரிநாட்டு உளவாளி. என்னைக் கேட்டால் துரத்தல் என்ற வகையில் இதுதான் உச்சம், ஃப்ளாட்டாப் புகழ் பெற்றவன், அவ்வளவுதான். இங்கே அடைக்கலம் கொடுப்பவள் க்ராவல் கெர்ட்டி. ஜல்லிக்குழி ஓரம் ஒரு குடிசை, அவிழ்ந்து தொங்கும் நரைத்த முடி, தனிமை. காயத்தோடு வந்து விழுந்தவனை அவள் உள்ளே இழுத்துப் போடுகிறாள். ஆண்வாசனையே இல்லாமல் கிடந்த வீட்டுக்கு ஒருவன் வந்துவிட்டான் என்று அவள் அவனைக் காதலிக்கவே தொடங்கிவிடுகிறாள். அவனுக்கோ அவளைக் கண்டாலே குமட்டல். வெளியே போனால் ட்ரேசி, உள்ளே இருந்தால் கெர்ட்டியின் பாசம். இரண்டில் எது பெரிய தண்டனை என்று அவனுக்கே தெரியாத நிலையைக் கூல்ட் நாள்கணக்கில் இழுத்து ரசிக்கிறார். மேலே நான் சொன்ன பதுங்கிடக் கணக்கு இவனிடம் மட்டும் செல்லாது. ஒளிந்த இடத்தில் சாகாமல் தப்பிய இவன் சாவது ட்ரேசியின் அலுவலகத்தில். ட்ரேசி எறிந்த மைக்கூடு நெற்றியில் பட, ஜன்னல் வழியாக வெளியே விழுந்து, கீழே இருந்த கொடிக்கம்பத்தில் குத்திக்கொள்கிறான். 1944இல், குழந்தைகளும் வாசிக்கும் பத்திரிகையில், இதைத் தயங்காமல் வரைந்திருக்கிறார் மனிதர்.

வன்முறை அதிகம் என்ற புகார் அப்போதே உண்டு. கேலியும் உண்டு. இன்னொரு காமிக்ஸ் ஓவியரான அல் கேப் தன் 'லில் ஆப்னர்' தொடருக்குள் ஃபியர்லெஸ் ஃபாஸ்டிக் என்று ஒரு ட்ரேசி நகலை 1942இல் கொண்டுவந்தார். உடம்பெல்லாம் குண்டு துளைத்துச் சல்லடையாகி, ஓட்டை வழியே பின்னால் இருப்பது தெரிய, கடமையே கண்ணாக நடந்துகொண்டிருப்பான். ஒரிஜினலை வாசித்துவிட்டு இதைப் பார்த்தால் வயிறு வலிக்கும்.

இன்னொரு குறையையும் மறைக்கக் கூடாது. அவலட்சணம் என்றால் கெட்டவன் என்ற சமன்பாடு இன்றைக்கு உறுத்துகிறது, உறுத்தவும் வேண்டும். அவனவன் அகத்தில் இருப்பதைத்தான் கூல்ட் முகத்தில் காட்டினார் என்று அவர் பக்கம் நின்று வாதாடுவோர் உண்டு. எனக்கு அது முழுத் திருப்தி தரவில்லை. க்ராவல் கெர்ட்டி போல, அழகில்லாத நல்லவர்களையும் அவரே படைத்தார் என்பது ஓரளவு சமாதானம். 1960களில் விண்கலம், நிலவுப் பெண் என்று போனபோது துரத்தலின் இறுக்கமும் போய்விட்டது. நிலவுக்கே போகிறவனிடமிருந்து ஒளிய இடம் ஏது! அந்தப் பகுதியை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

1946 ஜனவரியில் வந்த கைக்கடிகார ரேடியோ பற்றியும் இதே சந்தேகம் எனக்கு உண்டு. உலகப் புகழ் பெற்ற பொருள்தான். ஆனால் அதற்கு முன்னால் ட்ரேசி ஒரு தகவலுக்காகக் கடைக்கு ஓடிப் போன் செய்ய வேண்டும், அந்த அஞ்சு நிமிஷத்தில் ஓடுகாலி ஒரு தெரு தள்ளிப் போயிருப்பான். அந்த இடைவெளியில்தான் பாதித் துரத்தல் நடந்தது.

பிற்காலத்திலும் ஒரு விதிவிலக்கு இருக்கிறது: 1956இல் ஃப்ளாட்டாப்பின் மகன் வருகிறான், அதே தட்டைத் தலையோடு. தன்னோடு சுற்றிய ஒரு பெண்ணைக் கொன்றுவிட்டு ஓடும் அவன் முதுகில் அவளுடைய ஆவி தொற்றிக்கொண்டே வருகிறது. வேதாளத்தைச் சுமந்த விக்கிரமாதித்தன்போல, ஆனால் கதை சொல்லி விடுதலை கொடுக்காத வேதாளம். துரத்துபவனை ஓடுகிறவனின் முதுகிலேயே ஏற்றிவிட்டார் கூல்ட்.

எப்படி வாசிப்பது? 2006 முதல் இந்தத் தொடர் முழுவதும் வரிசையாகத் தடித்த தொகுதிகளாக வந்திருக்கிறது, கூல்ட் 1977 கிறிஸ்துமஸ் அன்று ஓய்வு பெறும்வரை வரைந்த எல்லாமும். ஆனால் நாவல் மாதிரி ஒரே மூச்சில் வாசிக்காதீர்கள். நேற்று விட்டவர்களுக்காக இன்றைய துண்டில் அதே விஷயத்தைத் திரும்பச் சொல்வார்கள், ஞாயிறு கலர் பக்கத்தில் இன்னொரு தடவை சொல்வார்கள். மொத்தமாக வாசித்தால் தேய்ந்த ரிக்கார்டு கேட்பது போல இருக்கும். ஒரு நாளைக்கு ஒரு வாரத்துத் துண்டுகள் என்று வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். ஷேக்கி படகுத்துறைக்கு அடியில் இருக்கும் நாட்களை மட்டும் நிஜமாகவே ஒரு நாளைக்கு ஒன்றாக வாசித்துப் பாருங்கள். அடுத்த நாளுக்குக் காத்திருக்கும்போது பனி இறுகுகிற சத்தம் கேட்கும்.

ஃப்ளாட்டாப்பிலிருந்து விடாமல் போகச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஷேக்கியின் கதையிலிருந்து அவன் வளர்ப்பு மகள் ப்ரெத்லெஸ் மஹோனி கிளம்புகிறாள், 1945இல் அவளும் ஓடுகிறாள். அவள் ஓட்டத்தில் குறுக்கே வருபவன் பி.ஓ. ப்ளென்டி, குளிப்பதே இல்லாத, தாடி வளர்த்த பட்டிக்காட்டு ஆசாமி. இவனுக்கும் ப்ரௌவுக்கு இடம் கொடுத்த க்ராவல் கெர்ட்டிக்கும் 1946இல் கூல்ட் கல்யாணம் செய்துவைத்தார். இரண்டு வெவ்வேறு துரத்தல்களில் வழியில் அகப்பட்ட இரண்டு பேர். 1947இல் அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இந்த இரண்டு பேருக்கும் எப்படி என்று எல்லோரும் வாய்பிளக்கும்படி, நீளமான பொன்னிற முடியோடு அப்படி ஒரு அழகு. ஸ்பார்க்கிள் ப்ளென்டி என்று பெயர். அந்தக் குழந்தையைப் பொம்மையாகச் செய்து விற்றார்கள், அமெரிக்கா முழுக்கப் போட்டி போட்டு வாங்கினார்கள். பல ஆண்டுகள் கழித்து அவள் ட்ரேசியின் வளர்ப்பு மகன் ஜூனியரைக் கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்கே மருமகளாகப் போனாள்.